உடைத்துப் பார்க்காத பாதம்

விசுக்கோத்தை அப்படியே வாயில் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. முதலில் இரண்டு கைகளாலும் பிடித்து மெதுவாக வளைப்பார். எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பார். உடைந்த விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஆராய்ந்துவிட்டுத்தான் தேநீரில் தோய்ப்பார். எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது இரண்டே தடவை. முதல் தடவை இதைக் கண்ட என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

பென்சில், ஈர்க்கு, பழைய சீப்பு என்று எது அகப்பட்டாலும் அதற்கு அதே கதிதான். அவர் வேலை செய்தது மல்லாவியில் மரம் அரிந்து விற்கிற ஒரு மரக்காலையில். அங்கே அவருக்கு எட்டுகிற தூரத்தில் யாரும் தங்கள் சாமானை வைப்பதில்லை. முதலாளியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வளைத்து, அதன் ஒரு கால் கையோடு வந்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்பக்கூடிய கதை.

வாளுக்குக் கீழே விழும் மரத்தூளைக் கூட்டிச் சாக்கில் கட்டுவது அவர் வேலை. அதனால் ஊருக்கே அவர் தூளக்கா. கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். கதைபேச்செல்லாம் எங்களைப் போலவே ஆகிவிட்டது. இருந்தாலும் எங்கள் ஆட்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது "மலைநாட்டு மனிசி" என்று ஒரு அடைமொழி போடாமல் சொல்ல மாட்டார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமாதானம் வந்து வன்னிக்குள் வரும் பாதை திறந்ததும், பல வருடம் பற்றையாகக் கிடந்த எங்கள் வயலைப் பார்க்க ஓடினேன். கொஞ்சம் பொறு, துப்புரவாக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வயல் ஓரத்தில் மிதிவெடி இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

செயற்கைக் கால் கிடைத்தது. அதன் பாதம் மரத்தால் ஆனது, அடியில் ரயர் ரப்பர் ஒட்டியிருக்கும். மேட்டு நிலத்தில் நடக்கலாம். வயல் சேற்றில் இறங்கினால் மரம் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பிளந்துவிடும். ஒரே போகத்தில் இரண்டு பாதம் போனது. மூன்றாவதைத் தரும்போது, இனி வயலுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லித்தான் தந்தார்கள். மனைவி தனியே வயல் செய்தாள். நான் வரம்பில் கதிரை போட்டிருந்து கட்டளை இட்டேன். வரம்பில் இருந்து கட்டளை போடுகிற கமக்காரனை யாருக்கும் பிடிக்காது, அவனுடைய மனைவிக்கு அறவே பிடிக்காது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை. என் சொந்த வயலுக்குள் என் காலால் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

முதிரை மரம் தண்ணீருக்கு அசையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதிரைக் கட்டை தேடித்தான் மரக்காலைக்குப் போனேன். முதலாளி கட்டை எடுக்க உள்ளே போன நேரம், தூள் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து, கேட்காமலே குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். காலைப் பார்க்கிறவர்கள் அடுத்ததாக முகத்தைப் பார்த்து இரக்கப்படுவார்கள். இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெடிப்புக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார்.

"எந்த மரமெண்டாலும் தண்ணி குடிக்கும் தம்பி. பிளாஸ்ரிக் குடியாது, ஆனா வெயிலுக்கு இளகும். ரெண்டையும் சேத்துப் பாக்கலாம். ஒண்டின்ரை குறையை மற்றது மறைக்குமோ, ரெண்டு குறையும் ஒண்டாச் சேருமோ எண்டது உடைச்சால்தான் தெரியும்."

அவரிடம் அப்போதே அந்தச் சரக்கு இருந்தது. பாதை பூட்டியிருந்த காலத்தில் வன்னிக்குள் ஒரு பிளாஸ்ரிக் சொப்பின் பை வந்தால் அதைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுப் பத்துத் தடவை பாவிப்போம். பாதை திறந்ததும் ஓமந்தைச் சோதனைச்சாவடியால் சாமான் வந்து குவிந்தது. கூடவே பைகளும் வந்தன. கிளுவை வேலியெல்லாம் பை பூத்துக் கிடந்தது. இவர் அவற்றைப் பொறுக்கி, பாதியாக வெட்டிய தார்ப் பீப்பாயில் உருக்கி, மரத்தூளைக் கொட்டிக் கிளறி, தகர அச்சில் ஊற்றி, உழவு இயந்திரத்து ஜக்கால் நசுக்கிப் பலகை செய்துகொண்டிருந்தார். எதற்காகத் தொடங்கினார் என்று கேட்டால், தூளும் சும்மா கிடக்குது, பையும் சும்மா கிடக்குது என்பார்.

எதைச் செய்தாலும் ஒரே பக்குவத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு செய்வார். ஒன்றை உடைப்பார். இரண்டு கல்லில் வைத்து ஏறி நிற்பார், கல்லைக் கட்டித் தொங்கவிடுவார், கொதிதண்ணீர் ஊற்றுவார், கடைசியில் சுத்தியல். எங்கே உடைந்தது என்று பார்த்து, மற்றதில் அதே இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுவார். அந்தக் கோடு கீறிய சாமான்தான் வெளியே போகும். கோட்டில் மட்டும் பாரம் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுப்பார்.

மரக்காலை வாசலில் வருகிறவர்கள் உட்கார அப்படிக் கோடு போட்ட வாங்கு ஒன்று கிடந்தது. மாங்குளத்திலிருந்து மரம் வாங்க வந்த பாரித்த மனிதர் ஒருவர், சொல்லச் சொல்லக் கேளாமல் சரியாகக் கோட்டின்மேல் இருந்தார். வாங்கு அந்த இடத்திலேயே முறிந்து மனிதர் மண்ணில் விழுந்தார். முதலாளி பதறிப்போய்த் தூக்குகிறார். தூளக்கா ஓடிவந்து மனிதரைத் தாண்டிப் போய்ப் பலகையை எடுத்துப் பார்த்து, "சொன்ன இடந்தான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். அந்த மனிதர் பிறகு மல்லாவிப் பக்கம் மரத்துக்கு வரவில்லை.

ஏன் இப்படி உடைக்கிறார் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. வாய்க்காலுக்குக் குறுக்கே அவர் போட்ட பலகை முறிந்து அவருடைய தம்பி போனான் என்று ஒரு கதை. புருசன் கிணறு இறைக்கையில் துலா முறிந்தது என்று இன்னொன்று. சும்மா விசர் என்பது மூன்றாவது. ஒருநாள் நானே கேட்டேன். "குடுக்கிற சாமான் எங்க உடையுமெண்டு குடுக்கிறவளுக்குத் தெரிய வேணும்தானே" என்றார். சொல்லிக்கொண்டே கையிலிருந்த சுள்ளியை முறித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இப்போது நினைக்கையில், கேட்டிருக்க வேண்டும்.

எனக்குச் செய்த முதல் பாதம் சொப்பின் பையும் தூளும் கலந்தது. குதியில் கோடு இருந்தது. ஒரு வாரம் நன்றாக நடந்தேன். சித்திரை மாதம், நல்ல மத்தியானம், காலைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் குளித்தேன். குளித்துவிட்டுப் பார்த்தால் பாதத்தின் விரல் பக்கம் மேலே வளைந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் அடுத்த வளவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் அந்தக் கோணல் பாதத்தோடு கெந்திக் கெந்தி மரக்காலைக்குப் போய், வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். ஏசி முடியும்வரை பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எத்தனை மணிக்கு வைத்தேன், எத்தனை மணிக்கு எடுத்தேன், சீமெந்திலா மண்ணிலா, முன்பக்கம் பாரமாகச் சப்பாத்து மாட்டியிருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு மரக்காலையின் தகரக் கூரை அவருடைய சோதனைச் சாலையாகிவிட்டது. விரல் நீளக் குச்சிகளாக வார்த்து, ஒரு முனையில் ஆணி அடித்து, மறு முனையில் கல்லைக் கட்டி வரிசையாக அங்கே வைத்தார். உச்சி வெயிலில் நனைத்த சாக்கைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, எது எவ்வளவு வளைந்தது என்று பார்ப்பார். கீழே நின்று முதலாளி கத்துவார். வெயிலிறங்கினால் எதைப் பார்ப்பது என்று மேலேயிருந்து பதில் வரும்.

அப்படியே ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எந்தப் பிளாஸ்ரிக் உருகுவதற்குக் கூடுதல் நெருப்புக் கேட்கிறதோ அது வெயிலுக்கும் பயப்படாது. சொப்பின் பை கொஞ்ச நெருப்பிலேயே ஓடிவிடும், தண்ணீர்க் கான் அதைவிடத் திறம், எல்லாவற்றையும்விட யூரியா பை. உமிச் சாம்பல் சேர்த்தால் இன்னும் நிற்கும். தண்ணீர் ஊற்றி அவசரமாக ஆற்றியது வெயிலில் வளைந்தது, சூடான சாம்பலுக்குள் புதைத்து ஆறுதலாக ஆறவிட்டது வளையவில்லை. வெறும் தூள் விசுக்கோத்தைப் போல் முறிந்தது. பனந்தும்பை விரல்கண்ணளவு வெட்டிப் போட்டதும், முறிய வேண்டிய இடத்திலும் தும்பு இழுத்துப் பிடித்தது.

தூளில் ஈரம் இருந்தால் உருக்கும்போது ஆவியாகி உள்ளே குமிழி விழும். அதனால் தூளை, புட்டுக்கு அரிசிமா வறுப்பதுபோல் தாச்சியில் போட்டு வறுத்தார். ஒருநாள் என்னோடு வந்த மனைவி அந்தத் தாச்சியைப் பார்த்துவிட்டு, மா கருகினால் புட்டுக் குழையாமல் உதிரும், மணம் வந்த உடனே இறக்க வேண்டும் என்று சொன்னாள். தூளக்கா அன்று முதல் மணம் பிடித்து இறக்கினார். எனக்கு அவர் இப்படி ஒரு மரியாதை ஒருநாளும் தந்ததில்லை.

இரண்டாவது பாதம் இவ்வளவும் சேர்ந்து பிறந்தது. அதற்குள் பாதையை மறுபடியும் பூட்டிவிட்டார்கள். பாதத்துக்கான சாமான் ஒன்றும் வன்னிக்குள் வருவதில்லை. என் மரப்பாதமும் பிளந்து கிடந்தது. தூளக்கா செய்தால்தான் எனக்குக் கால் என்று ஆகிவிட்டது. இதன் இரட்டையை உடைக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் பிடித்ததாம். என்னுடையதில் விரல் பக்கம் கோடு போட்டுத் தந்தார். சித்திரை வெயில் முழுக்கக் கிணற்றுக் கட்டில் வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மாரி பிறந்து வயல் சேறானதும் இறங்கினேன். மனைவி தடி தந்தாள், வாங்கவில்லை. முதல் அடி புதைந்தது, இழுத்தேன், வந்தது. இரண்டு, மூன்று. எனக்குக் கண் கலங்கியது, சொல்வதற்கு வெட்கமில்லை. நாலாவது அடியில் சேற்றுக்குள் ஒரு சத்தம் கேட்டது. முகம்குப்புற விழுந்தேன். பாதம் முறிந்திருந்தது, விரல் பக்கத்துக் கோட்டில் இல்லை, குதிக்குக் கிட்ட.

செய்தி கேட்டுத் தூளக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. விசுக்கோத்தை உடைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை. முறிந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். முறிந்த முகம் முழுக்கக் குமிழி. வறுத்த தூளில் எப்படி ஈரம் வந்தது என்பது அவருக்கு விளங்கவில்லை. கோடு ஓரிடம், முறிவு ஓரிடம் என்பது அதைவிடப் பெரிய அடி. மனைவி ஒரு துண்டை வாங்கிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, முறிந்த முகத்தில் நாக்கின் நுனியை வைத்தாள்.

"உப்புக் கரிக்குது" என்றாள்.

பிறகு எல்லாம் வெளிச்சமாயிற்று. முதலாளியின் மச்சான் ஆனையிறவுக் கரையில் அள்ளிய உப்பைக் கட்டிவந்த சாக்குகள் மரக்காலையில் கிடந்தன. சாக்குத்தானே என்று தூளக்கா வறுத்த தூளை அதிலும் கட்டி வைத்திருக்கிறார். முந்தின மாரிக் காற்றில், உப்புச் சாடி கசிவதுபோல் அந்தச் சாக்கும் கசிந்து, தூள் ஈரத்தை மறுபடி குடித்திருக்கிறது. உடைத்துப் பார்த்த பாதத்துக்கு நல்ல சாக்கிலிருந்து தூள் போயிருக்கிறது. அது முடிய, என் பாதத்துக்கு உப்புச் சாக்கை அவிழ்த்திருக்கிறார்.

சாக்கை எறிந்துவிட்டால் சரிதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"சாக்கு இல்லைத் தம்பி பிழை. ஒண்டை உடைச்சுப்போட்டு மற்றதுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன். உடைச்சதைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். உங்கட காலில இருக்கிறதைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

அதன் பிறகு நெடுநாள் அவர் எதிலும் கோடு கீறவில்லை. கூரையில் குச்சிகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. மரக்காலைக்குப் போகும்போதெல்லாம் என் கால் எப்போது என்று கேட்பேன். இன்னும் உடைத்து முடியவில்லை என்பார். கிட்டத்தட்ட ஒரு வருடம் கெந்தித் திரிந்தேன். சில நாள் அவர்மேல் வெறுப்பே வந்தது. இந்த மனிசிக்கு என் கால் முக்கியமில்லை, உடைக்கிறதுதான் முக்கியம் என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகு சண்டை கிட்ட வந்தது. எறிகணைக்குப் பதுங்க ஊரே பங்கர் வெட்டியது. யூரியா பை, அரிசிப் பை எல்லாம் மண் நிரப்பிப் பங்கருக்கு மேலே போனது. வன்னியில் ஒரு வெறும் பை கிடைப்பது பொன் கிடைப்பதுபோல் ஆயிற்று. மல்லாவியிலும் செல் விழத் தொடங்கி, நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று தூளக்கா வந்தார். அது இரண்டாவது தடவை. சேலைத் தலைப்பில் எதையோ பொதிந்து பிடித்திருந்தார். பாதம். சாம்பலிலிருந்து அப்போதுதான் எடுத்திருக்கிறார், இன்னும் இளஞ்சூடாக இருந்தது. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோடு இல்லை.

"பை ஒரு பாதத்துக்குத்தான் காணும் தம்பி, இரட்டை செய்யேல்லை. இதை உடைச்சுப் பாக்கேல்லை."

வெட்கப்பட்டுச் சொன்னார். என்னை ஏமாற்றிவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் காலில் பூட்டி எழுந்து நின்றேன். அவர் கண் பாதத்தை விட்டு எடுபடவில்லை. "தேஞ்சு முடிஞ்சாப் பிறகு எறிஞ்சுபோடாதேங்கோ. என்னட்டைக் கொண்டு வாங்கோ, உடைச்சுப் பாப்பம்" என்றார். கொண்டுவருகிறேன் என்றேன். மனைவி பெட்டியிலிருந்து ஒரு விசுக்கோத்துப் பொதியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டு மரக்காலைப் பக்கம் நடந்தார். நானும் அவரை ஏறுங்கோ என்று சொல்லவில்லை. முதலாளியோடு வருவார் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த மாதங்களை இங்கே எழுதப்போவதில்லை. பாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தர்மபுரம், விசுவமடு என்று ஊர் ஊராக நடந்தோம். உழவு இயந்திரம் பாதிவழியில் நின்றுவிட்டது. மழை வெள்ளத்தில் இடுப்பளவு நின்றேன். பிறகு கடற்கரை மணல், பங்குனி, சித்திரை வெயில், நல்ல காலையே கீழே வைக்க முடியாத சூடு. கடைசியில் உப்புத் தண்ணீருக்குள் நடந்து வெளியே வந்தோம். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் இதை உடைத்துப் பார்க்கவில்லை என்ற அவருடைய குரல் காதுக்குள் கேட்டது. ஒரு நாளும் அது முறியவில்லை. முறிந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன், என்னைத் தாங்கி வந்த என் மனைவியும் இருந்திருக்க மாட்டாள்.

எங்களைக் கொண்டுபோய் அடைத்த செட்டிக்குளம் முகாமில், ஆட்களைத் தேடிப் பதிகிற மேசைக்குப் போனேன். எழுதுகிற பிள்ளை பெயரைக் கேட்டாள். தூளக்கா என்றேன். முழுப்பெயரைச் சொல்லச் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை. என் காலை மூன்று தடவை செய்த மனிசியின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. முகாமின் வேறு வலயத்தில் மரக்காலை முதலாளி இருப்பதாக அறிந்து கம்பிவேலிக்கு இப்பால் நின்று அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பதினைந்து வருடம் அவரிடம் வேலை செய்தவர் தூளக்கா. விசுவமடுவரை தங்களோடு வந்ததாகவும், அதன் பிறகு சனத்துக்குள் தவறிப்போனதாகவும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். என் பாதத்துக்கு எங்கேயும் பை கிடைக்காமல், தூளக்கா தன் சொந்தப் பங்கருக்கு மேலே அடுக்கியிருந்த மூட்டைகளின் மண்ணைக் கொட்டிவிட்டு அந்தப் பைகளைத்தான் உருக்கினாராம். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவர்மேல் வெறுப்பு வந்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சில மாதத்தில் முகாமுக்கு உதவிக்கு வந்தவர்கள் எனக்குப் புதுக் கால் தந்தார்கள். மெத்தென்ற நல்ல பாதம். பழையதைக் கூடாரத்துக்குள் வைத்து ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். புது வலயம் திறந்தபோதெல்லாம் விசாரித்தேன். அந்த வருடம் முடிய வந்தபோது, அவர் வரப்போவதில்லை என்பதை மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். அன்று காலை கூடாரக் கட்டை அடிக்கிற சுத்தியலை இரவல் வாங்கினேன். என்ன செய்யப் போகிறேன் என்று மனைவிக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. இரண்டு கல் கொண்டுவந்து வைத்தாள்.

உயிரைக் காப்பாற்றியதை உடைக்கிறாயா என்று பக்கத்துக் கூடாரத்துக்காரர் கேட்டார். கேட்டால் கேட்கட்டும். உடைத்துப் பார்க்கக் கொண்டுவருகிறேன் என்று நான் தூளக்காவுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டு கல்லுக்கும் குறுக்கே பாதத்தை வைத்து அடித்தேன். கை விறைத்துப்போகும்வரை அடித்தேன். கடைசியில், விரல்களுக்குப் பின்னால் மூன்று விரற்கடை தள்ளி முறிந்தது. முறிந்த பிறகும் பனந்தும்பு இரண்டு துண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, முறுக்கித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உள்முகம் கறுப்பாக, நெருக்கமாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை.

மனைவி ஒரு துண்டை வாங்கி, முறிந்த முகத்தில் நாக்கின் நுனியை வைத்தாள்.

"உப்பில்லை" என்றாள்.